கரையேறிய பிறகு: பொனேர் தீவுக்கு முக்குளிக்க வருகிறவர்களுக்கு

சுறா வருமா, ஆழத்தில் காற்று தீர்ந்துபோனால் என்ன செய்வது, காது வலித்தால் மேலே வந்துவிடலாமா என்று முதல்முறை வருகிறவர்கள் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். ஆனால் ஸ்கூபா பயிற்றுநராகப் பொனேர் தீவில் ஆறு ஆண்டுகள் வேலை செய்த எனக்கு, அவர்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் கவலை. கரையேறி, ஈர உடையோடு பிக்கப்பில் உட்கார்ந்து, அடுத்த இடத்துக்கு ஓட்டிப்போகும் நேரம்தான் அது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் விடுமுறைக்கு இங்கே வரும் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வெனிசுவேலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சின்னத் தீவு இது. பரப்பளவு 288 சதுர கிலோமீட்டர்தான். 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக இருக்கிறது. ஆனால் கடையில் கொடுப்பது அமெரிக்க டாலர், தெருவில் பேசுவது பாப்பியமெந்து. தீவைச் சுற்றியுள்ள கடலை 1979-லேயே கடல் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். வண்டிகளின் எண் பலகையிலேயே 'முக்குளிப்போர் சொர்க்கம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அது வெறும் விளம்பரம் இல்லை. மேற்குக் கரையில் சாலையோரமாகப் போனால் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் கிடக்கும். ஒவ்வொரு கல்லிலும் ஓர் இடத்தின் பெயர். கல்லருகே வண்டியை நிறுத்தி, சாமான்களை மாட்டிக்கொண்டு, கடலுக்குள் நடந்தால் போதும். சில நிமிட நீச்சலில் பவளப்பாறையின் விளிம்பு வந்துவிடும். படகு வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், நேரக் கட்டுப்பாடும் கிடையாது. சிலிண்டர் தீர்ந்தால் வண்டியிலேயே கடைக்குப் போய், பெட்ரோல் போடுவதுபோல நிரப்பியதை ஏற்றிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போகலாம்.

இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் உலகமே இங்கே வருகிறது. இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. படகில் போனால் தலை எண்ண ஒருவர் இருப்பார். நீங்கள் எத்தனை மீட்டர் போனீர்கள், எத்தனை நிமிடம் இருந்தீர்கள் என்று எழுதிவைப்பார். குடிக்கத் தண்ணீர் நீட்டுவார். முகம் வெளுத்திருந்தால் கேட்பார். ஒழுங்காக நடத்தப்படும் படகில் ஆக்ஸிஜன் பெட்டியும் இருக்கும். பிக்கப்பில் இவை எதுவும் இல்லை. படகோட்டியும் நீங்களே, கண்காணிப்பவரும் நீங்களே, ஓட்டுநரும் நீங்களே.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், மென்பொருள் துறையில் இருப்பவர், மனைவியோடு வந்திருந்தார். இருவரும் பயிற்சி முடித்தவர்கள், கவனமானவர்கள். நாளைக்கு மூன்று என்ற கணக்கில் நான்காவது நாளின் கடைசி டைவ், வடக்கே கார்பாட்டாவில். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு எல்லையைச் சொல்லும் டைவ் கம்ப்யூட்டரைக் கையில் கட்டியிருந்தார்; அது ஒருமுறைகூட எச்சரிக்கவில்லை. மேலேறும் முன் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றுதான் வந்திருக்கிறார்கள். மனைவிக்குக் கால் வழுக்கியதால் அவருடைய சிலிண்டரையும் இவரே படியில் தூக்கி ஏற்றியிருக்கிறார். வண்டியில் உட்கார்ந்த சிறிது நேரத்தில் இடது தோள் வலித்தது. தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தார். கார்பாட்டாவுக்குப் போகும் கடலோரச் சாலை ஒருவழிப் பாதை. வந்த வழியே திரும்ப முடியாது. குன்றேறி, ரிங்கோன் ஊரைச் சுற்றித்தான் தலைநகர் கிராலன்டைக்குக்கு வர வேண்டும். மனைவிக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. எனவே அவரே ஓட்டினார்.

சிலிண்டர்களைத் திருப்பித் தர கடைக்கு வந்தபோதுதான் நான் பார்த்தேன். மிதவை ஜாக்கெட்டிலிருந்து சிலிண்டரைக் கழற்றும் பட்டையின் கொக்கியை எத்தனையோ முறை திறந்திருப்பார். அன்று இடது கைவிரல்கள் கொக்கியின் மேல் போய்ப் போய் நழுவின. மூன்றாவது முறையும் நழுவியதும் அவர் தன் விரல்களையே உற்றுப் பார்த்தார், அவை வேறு யாருடையவோ என்பதுபோல.

"கை மரத்திருக்கிறதா, அண்ணா?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை தம்பி, சிலிண்டர் தூக்கியதில் சுளுக்கு."

"வண்டியிலேயே கியர் பிடிபடவில்லை என்றீர்களே!" என்றார் அவருடைய மனைவி.

உடனே படுக்கவைத்து, முகமூடி வழியாக ஆக்ஸிஜன் கொடுத்தோம். இன்னொருவர் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னார். தீவிலேயே அழுத்த அறை இருப்பது பெரிய பேறு. 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுத்து, மெல்ல மெல்ல இறக்கும் சிகிச்சை அது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். அவர் தேறிவிட்டார். இரண்டு விரல் நுனிகளில் மட்டும் மூன்று மாதம் மதமதப்பு இருந்ததாகப் பிறகு எழுதினார். வலி தொடங்கியதிலிருந்து எங்களிடம் வந்து சேரும்வரை முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் நரம்பு பாதிக்கப்பட்ட ஒருவர், மலைப்பாதையில் ஒரு வண்டியை ஓட்டியிருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இதற்குப் பெண்ட்ஸ் என்று பெயர். ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து தங்கிவிடுகிறது. கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் பொங்குமே, வேகமாக மேலேறினால் உடம்புக்குள் நடப்பதும் அதுதான்: கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகிறது. மூச்சை அடக்கி ஒருமுறை முத்துக் குளித்துவிட்டு வருபவருக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை; அவர் எடுத்துப்போவது ஒரு மூச்சுக் காற்றைத்தான். சிலிண்டரோடு போகிறவர் முக்கால் மணி நேரம் அழுத்தக் காற்றையே சுவாசிக்கிறார். மெல்ல ஏறினாலும் நைட்ரஜன் முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. கரையேறிய பின்னும் பல மணி நேரம் அது வெளியேறிக்கொண்டே இருக்கும். நாளைக்கு மூன்று டைவ் என்று தொடர்ந்து போனால் பழைய பாக்கியின் மேல் புதிய பாக்கி சேரும். கம்ப்யூட்டர் சொல்லும் எல்லை ஒரு சராசரிக் கணக்கு. உங்கள் வயதும், நேற்றிரவு நீங்கள் தூங்கிய தூக்கமும், குடித்த தண்ணீரும் அதற்குத் தெரியாது.

எனவே கரையேறியதும் பாரம் தூக்காதீர்கள். நிரப்பிய அலுமினிய சிலிண்டர் சுமார் 17 கிலோ. மிதக்காமல் இறங்குவதற்காகக் கட்டும் ஈயமும் மற்றச் சாமானும் சேர்ந்தால் 25 கிலோவைத் தாண்டும். 'ஆயிரம் படிகள்' என்று ஓர் இடம் இருக்கிறது. உண்மையில் படிகள் எழுபதுக்கும் குறைவுதான். சுமையோடு ஏறுகிறவருக்குத்தான் அது ஆயிரம். டைவ் முடிந்த உடனே இப்படி மூச்சிரைக்க ஏறுவது குமிழிகள் உருவாவதைத் தூண்டும். இடுப்பளவு நீரில் பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு ஏறுங்கள். இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள். யாரும் உங்களுக்குப் பரிசு தரப்போவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் இந்தத் தீவு ஏமாற்றும். ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து காற்று வீசிக்கொண்டே இருக்கும். வியர்வை தோலில் நிற்காது. அதனால் வியர்க்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம். வண்டியில் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வைத்திருங்கள். குளிர்பெட்டியில் பீர் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால், அன்றைய கடைசி டைவும் கடைசிப் பயணமும் முடிந்து அறைக்குப் போன பிறகு திறங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

வண்டி ஓட்ட இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்குத்தான் கியர் பழக்கம் என்றால், கூடுதல் காசு ஆனாலும் ஆட்டோமேட்டிக் வண்டியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தோள்வலி, முழங்கால் வலி, விரல் மரத்துப்போதல், தலைசுற்றல், தோலில் திட்டுத் திட்டான சிவப்பு, காரணமில்லாத பெருஞ்சோர்வு, சிறுநீர் பிரியாமை, இவற்றில் எது வந்தாலும், நிச்சயமாகத் தெரியாவிட்டாலும், அவரிடமிருந்து சாவியை வாங்கிவிடுங்கள். அவசர எண்ணை வந்த முதல் நாளே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். உங்கள் காப்பீடு அழுத்த அறைச் சிகிச்சைக்குப் பணம் தருமா என்று புறப்படும் முன்பே கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும். வடக்குப் பக்கம் போகிறவர்கள், அந்த ஒருவழிச் சாலையில் இறங்கிவிட்டால் திரும்பி வரச் சுற்ற வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, ஆழமான டைவை அங்கே நாளின் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆழம் என்றதும் ஹில்மா ஹூக்கர் நினைவுக்கு வருகிறது. கஞ்சாவோடு பிடிபட்டு, 1984 செப்டம்பரில் மூழ்கிய சரக்குக் கப்பல். சுமார் 72 மீட்டர் நீளம், 30 மீட்டர் ஆழத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் சாதாரணக் காற்றோடு அந்த ஆழத்தில் இருக்கப் பயிற்சி அட்டவணை தரும் நேரம் 20 நிமிடம்தான். அதைக் காலையில், முதல் டைவாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி நேரத்தைக் கரைக்கு அருகிலுள்ள ஆழங்குறைந்த திட்டில் கழியுங்கள். பொனேரின் அமைப்பே அதற்குத் தோதானது. கரையிலிருந்து ஆழமற்ற மேடை, பிறகு சரிவு. திரும்பும்போது அந்த மேடையின் மேல் மெதுவாக நீந்தி வந்தாலே நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு வரலாம்.

இனி சாலை. இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிரமமில்லை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேராக வந்தவருக்குக் களைத்த மாலை நேரத்தில் கை தானாக இடப்பக்கம் இழுக்கும். தீவில் போக்குவரத்து விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. அறிவிப்புப் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஊருக்கு வெளியே விளக்கில்லாத சாலைகளில் கழுதைகள் நிற்கும். அந்தக் காலத்தில் உப்பளங்களில் சுமை இழுத்தவற்றின் வாரிசுகள் அவை. சாம்பல் நிற உடம்பு இருட்டோடு இருட்டாக இருக்கும். முகப்பு விளக்கில் கண் மின்னும்போது பத்தடி தூரம்கூட இருக்காது. இரவு டைவ் முடித்துத் திரும்பும்போது மெதுவாக வாருங்கள். ஈர வெட்சூட் காலணியோடு கிளட்சை மிதிக்காதீர்கள், வழுக்கும். சிலிண்டர்களைப் பின்புறச் சட்டத்தில் கட்டாமல் உருளவிடாதீர்கள். வால்வு அடிபட்டால் அழுத்தக் காற்று சீறிக்கொண்டு வெளியேறும்.

திருட்டைப் பற்றியும் ஒரு வரி. நீங்கள் தண்ணீருக்குள் இருக்கும்போது வண்டி தனியாக நிற்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவைப் பூட்டாமல், உள்ளே எதுவும் வைக்காமல் போவதுதான் இங்கே வழக்கம். பாஸ்போர்ட் அறையிலேயே இருக்கட்டும்.

இடம் விட்டு இடம் போகும்போது நம்மோடு போகும் இன்னொன்று ஈரம். கற்பவளங்களின் திசுவை உரித்து அழிக்கும் நோய் 2023-ல் பொனேருக்கும் வந்துவிட்டது. நூற்றாண்டுகள் வளர்ந்த பவளக்குன்று சில வாரங்களில் வெறும் வெள்ளை எலும்பாக நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். ஈரச் சாமானோடு கல்லுக்குக் கல் வண்டியோட்டும் நாமே அதைச் சுமந்து செல்லக்கூடாது. கடைகளில் கிருமிநாசினித் தொட்டி வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை, தயவுசெய்து செய்யுங்கள்.

கடைசியாக விமானம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. நான் 24 என்றே சொல்வேன். "பக்கத்துக் குராசோவுக்கு அரை மணி நேர விமானம்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. நேரம் குறைவு என்பதால் உயரம் இல்லாமல் போகாது; உயரே காற்றழுத்தம் குறையும்போது உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகலாம். மலைச் சாலைக்கும் இதே கணக்குத்தான். பொனேரின் உச்சியான பிரான்டாரிஸ் 241 மீட்டர்தான், அதனால் இங்கே பயமில்லை. இதே பழக்கத்தில் ஜமைக்காவில் காலையில் முக்குளித்துவிட்டு, மாலையில் நீலமலைச் சாலையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் காரில் ஏறினால், அது விமானம் ஏறியதற்குச் சமம்.

அதனால் கடைசி நாளைக் கடலுக்குக் கொடுக்காதீர்கள். வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவின் மண்பாதைக்கு உயரமான பிக்கப்தான் வேண்டும். அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. காலையிலேயே கிளம்பினால் போகும் வழியில் கோட்டோமேர் ஏரியில் பூநாரைகள் தலையைத் தண்ணீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்தி, கதவை மெதுவாகச் சாத்துங்கள். சத்தம் கேட்டால் விலகிப் போய்விடும்.