சான்றிதழில் நாட்டுச் சின்னத்தைப் போடலாமா?

சிராங்கூன் ரோடு பக்கம் பல வருஷமாக வடிவமைப்பு, அச்சு வேலை செய்கிறேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் பதாகை, அழைப்பிதழ், சான்றிதழ் என்று வேலை குவியும். அப்படி ஒருமுறை, ஓர் அமைப்பிலிருந்து வந்த தம்பி, பேச்சுப் போட்டிச் சான்றிதழின் உச்சியில் நாட்டுச் சின்னத்தை வைக்கச் சொன்னார். சிங்கமும் புலியும் கேடயத்தைத் தாங்கி நிற்க, கீழே 'மாஜுலா சிங்கப்பூரா' என்று இருக்குமே, அதுதான்.

"இணையத்துல தெளிவாவே கிடைக்குது அண்ணே. 1959ல வந்தது, பதிப்புரிமையெல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றார்.

அரசாங்கம் வரைந்தது பொதுச்சொத்துதானே என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் பணிக்காக உருவாக்கும் படைப்புக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். சிங்கப்பூரில் அரசாங்கத்துக்கும் பதிப்புரிமை உண்டு.

ஆனால் தம்பியிடம் நான் சொன்னது வேறு. பதிப்புரிமை ஒருநாள் காலாவதியாகும். நாட்டுச் சின்னத்துக்கான பாதுகாப்புக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. அது தனிச் சட்டம். 2022ல் நிறைவேறிய தேசியச் சின்னங்கள் சட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்கீழ் 30,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க முடியும்.

தண்டனையை விட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தச் சின்னம் சொல்லும் சேதி. அதைப் பார்க்கும் பெற்றோர், சான்றிதழை அரசாங்கமே கொடுத்தது என்று நம்புவார்கள். அதிகாரி போல நடித்துப் பணம் பறிப்பவர்கள் நம்பியிருப்பதும் இதே நம்பிக்கையைத்தான். அரசு அமைப்புகளின் குறுஞ்செய்திகள் 2024 ஜூலை முதல் ஒரே பெயரில் வருவதும் இந்த ஏமாற்றைத் தடுக்கத்தான். அந்த நம்பிக்கையை நாம் தெரியாமல்கூடத் தேய்த்துவிடக் கூடாது.

சரி, நாட்டுப்பற்றைக் காட்ட வழியே இல்லையா? 1986ல் அறிமுகமான சிங்கத் தலைச் சின்னம் இருக்கிறது. நம்மைப் போன்றவர்களும் அமைப்புகளும் பயன்படுத்தத்தான் அதை உருவாக்கினார்கள். பிடரியின் ஐந்து பிரிவுகளும் கொடியின் ஐந்து நட்சத்திரங்கள் சொல்லும் ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் ஆகியவற்றையே சொல்கின்றன. உருவத்தை மாற்றக் கூடாது, மேலே எழுத்து ஓட்டக் கூடாது, கண்ணியமாக வைக்க வேண்டும். அந்தச் சான்றிதழும் சிங்கத் தலையோடுதான் அச்சானது. பார்க்கவும் அழகாகவே இருந்தது.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் வேறு கதை. 1964ல் சுற்றுலாக் கழகத்துக்காக ஃப்ரேசர் புரூன்னர் வடிவமைத்து, 1997 வரை அதன் சின்னமாக இருந்தது. இன்றும் கழகத்திடம் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். முதலுதவிப் பெட்டியில் போடும் செஞ்சிலுவையும் ஜெனிவா உடன்படிக்கைச் சட்டத்துக்குள் வருகிறது. பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை போடுங்கள்.

அமைச்சு, கழக லோகோக்களை 'ஆதரவு' என்று சுவரொட்டியின் அடியில் வரிசையாகப் போடச் சொல்பவர்களிடம் இரண்டு கேட்கிறேன்: அந்த அமைப்பின் எழுத்துபூர்வ அனுமதி, அவர்களே அனுப்பிய லோகோ கோப்பு. இரண்டும் வரும்வரை அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் மாதிரிப் படி அனுப்புகிறேன்.