இதழில் வெளியானது காப்புரிமை ஆகாது

ஒரு பொறியியல் கல்லூரியில் உருவான நீர் சுத்திகரிப்புச் சவ்வுக்கு உரிமம் கேட்டு, அண்மையில் ஒரு நிறுவனம் தானாகவே முன்வந்தது. காப்புரிமை முகவர் என்ற முறையில் கல்லூரியிடம் ஆவணங்களைக் கேட்டபோது, விண்ணப்பம் வெளியான இந்தியக் காப்புரிமை அலுவலக இதழின் ஒரு பக்கத்தை லேமினேட் செய்து என்னிடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, கண்டுபிடிப்பு காப்புரிமைக்குத் தகுதியானதா என ஆராயுமாறு அலுவலகத்தைக் கேட்கும் பரிசோதனைக் கோரிக்கை தாக்கல் செய்யப்படவே இல்லை; கெடு முடிந்து, விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்பட்டுவிட்டது. உரிமம் வழங்க அங்கே எதுவும் மிஞ்சவில்லை. இப்படிப்பட்ட கோப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பம் எதுவாயினும் பொதுவாக 18 மாதங்களில் இதழில் வெளியாகும். முன்கூட்டியே வெளியிடக் கோரும் படிவம் 9 கொடுத்தால் சில வாரங்களிலேயே வெளியாகிவிடும். அந்த வெளியீட்டுக்காக உங்கள் கண்டுபிடிப்பின் புதுமையை எவரும் ஆராய்வதில்லை, எவரும் ஒப்புதல் அளிப்பதும் இல்லை. ஆனாலும் "காப்புரிமை பெற்ற பேராசிரியர்" என்று நுழைவாயிலில் பதாகை வைக்கிறார்கள், தர மதிப்பீட்டு அறிக்கையில் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள், அத்துடன் கோப்பை மூடிவிடுகிறார்கள். உண்மையில் அன்று நடந்தது, உங்கள் தொழில்நுட்பம் முழுவதும் உலகறிய வெளியிடப்பட்டது மட்டுமே. விண்ணப்பம் காலாவதியானால், அதே கண்டுபிடிப்புக்கு மீண்டும் விண்ணப்பிக்க உங்கள் சொந்த வெளியீடே தடையாக நிற்கும். அவசரமாக வெளியிடுவதில் இன்னொரு இழப்பும் உண்டு: பிறகு நீங்கள் செய்யும் சிறு மேம்பாடுகளுக்கும் அது முட்டுக்கட்டையாகலாம்.

பரிசோதனைக் கோரிக்கைக்கான படிவம் 18-ஐ உரிய காலத்தில் கொடுங்கள். 2024-ஆம் ஆண்டு விதித்திருத்தத்திற்குப் பின் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு இந்தக் கெடு முன்னுரிமைத் தேதியிலிருந்து (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து) 48 மாதங்கள் அல்ல, 31 மாதங்களே. பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகை உள்ளது. பரிசோதனை அறிக்கை வந்தால் அதைப் பேராசிரியரின் மின்னஞ்சலில் உறங்கவிடாதீர்கள், பதிலளிக்கவும் கெடு உண்டு. ஆய்வு மாணவர் பட்டம் பெற்றுச் செல்லும் முன்பே, உரிமையைக் கல்லூரிக்கு மாற்றும் ஆவணத்தில் கையொப்பம் வாங்கிவிடுங்கள். வேறு ஊருக்கு, வேறு வேலைக்குப் போனவரைப் பின்னர் தேடி அலைவது பெரும்பாடு.

துறைத் தலைவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியின் விண்ணப்ப எண்களைக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இட்டு, ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இந்த வாரமே பாருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பரிசோதனைக் கோரிக்கை இன்னும் கொடுக்கப்படாமல், கெடுவுக்குள் இருக்கும் விண்ணப்பம் ஒன்றாவது கண்ணில் பட்டால், தயவுசெய்து அடுத்த நிதிக்குழுக் கூட்டம் வரை காத்திருக்காதீர்கள்.