மீட்டரில் சிவப்பு எரிவது முழு ஒலியின் அடையாளம் அன்று

சென்ற வாரமும் ஒரு கம்ப்ரஷன் டிரைவர் (ஸ்பீக்கரில் உயர் சுருதி ஒலியை எழுப்பும் பகுதி) பழுதுபார்க்க வந்தது. திருமண வரவேற்பு ஒன்றில் ஓடிய டாப் ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து கழற்றியது. மூடியைத் திறந்ததும் வார்னிஷ் கருகிய நெடி எழுந்தது. அதிர்ந்து ஒலியெழுப்பும் டயாபிரத்தின் விளிம்பில் இருந்த கம்பிச் சுருளான காயில் கறுத்து, ஓரிடத்தில் அறுந்து கிடந்தது. "ஆம்ப் பவர் ஜாஸ்திண்ணே, அதான் காயில் போயிடுச்சு" என்றார் கொண்டுவந்த டிஜே. அவருடைய கைப்பேசியில் இருந்த நிகழ்ச்சிக் காணொளியைப் பார்த்தேன். லேப்டாப் திரையில் இரண்டு டெக்குகளின் (பாட்டு ஓடும் தடங்களின்) ஒலியளவு மீட்டர்களும், எல்லாம் கலந்து வெளியேறும் ஒலிக்கான மாஸ்டர் மீட்டரும் பாட்டு முழுவதும் சிவப்பிலேயே நின்றன.

சிவப்பைத் தொட்டால்தான் பாக்ஸ் முழுத் திறனில் பாடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். பழைய அனலாக் மிக்சர்களில் 0 குறிக்கு மேலும் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். முள் சற்று மேலே போனாலும் ஒலி கெடாது. டிஜிட்டலில் அந்த இடமே கிடையாது. 16 பிட் ஒலியில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதுதான் 0 டிபிஎஃப்எஸ், டிஜிட்டல் ஒலியளவின் உச்ச வரம்பு. அதற்கு மேல் போக வேண்டிய அலையின் உச்சி வெட்டப்பட்டுத் தட்டையாகிறது. செராட்டோவோ, ரெக்கார்ட்பாக்ஸோ, வர்ச்சுவல் டிஜேயோ, டிஜே மென்பொருள் எதுவாக இருந்தாலும், உச்சிச் சிவப்பு எரிந்தால் ஒன்று அலை வெட்டுப்படத் தொடங்கியிருக்கிறது, அல்லது உச்சியைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் அதை அமுக்கத் தொடங்கியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். லேப்டாப்பிலிருந்து வெளியேறும்போதே வெட்டுப்பட்டுவிட்ட அலையை, ஆம்பின் குமிழைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. குறைத்தால், அதே கெட்டுப்போன ஒலி மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

காயில் எரிவதற்குக் காரணம் வெப்பம். ஒரே உச்ச அளவுள்ள வளைந்த சைன் அலையைவிட, உச்சி தட்டையான சதுர அலை இரு மடங்கு மின்திறனைக் கொண்டுசெல்லும். சாதாரண இசையில் உச்சங்களுக்கு இடையே காயில் ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது. உச்சிகளை வெட்டி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்த நேரமே கிடைப்பதில்லை. (வெட்டுப்பட்ட அலையில் டிசி என்ற நேர் மின்னோட்டம் வருகிறது, அதனால் எரிகிறது என்று எங்கள் தொழிலிலேயே சொல்பவர்கள் உண்டு. அது தவறு.) இவ்வளவு கேட்டிற்கும் ஈடாகக் கிடைக்கும் சத்தம் எவ்வளவு என்று பாருங்கள். 3 டிபி ஏற்றினால் மின்திறன் இரு மடங்காகிறது. கூட்டத்தின் காதில் அது சற்றே கூடியதாகத்தான் கேட்கும். சத்தம் இரட்டிப்பானதுபோல் தோன்ற ஏறத்தாழ 10 டிபி, அதாவது பத்து மடங்கு மின்திறன் வேண்டும். அது டெக்கின் ஒலியளவை ஏற்றும் உங்கள் கெயின் குமிழில் இல்லை. கூடுதல் பாக்ஸ்களிலும் ஆம்ப்களிலும்தான் இருக்கிறது.

அண்மைக்காலப் பாடல்கள் பெரும்பாலும் 0 டிபிஎஃப்எஸ்ஸை ஒட்டியே இறுதி ஒலியளவு வைக்கப்பட்டு வருகின்றன. அதன் மேல் பேஸ் குமிழை முழுவதும் திருகினால், பல மிக்சர்களில் 6 டிபி கூடிவிடும். தாளம் பொருந்திய இரண்டு பாட்டுகளின் கிக் (பெரிய டிரம்மின் அடி) ஒன்றாக விழும்போது மேலும் 6 டிபி வரை ஏறலாம். ஆகவே கெயினைப் பாட்டின் மென்மையான தொடக்கத்தைக் கேட்டு வைக்காதீர்கள். பறையும் பேஸும் சேர்ந்து இறங்கும் மிகச் சத்தமான பகுதியை ஹெட்ஃபோனில் ஓட்டி, டெக்கின் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் முழுவதும் மேலே, பேஸ், ட்ரெபிள் குமிழ்களான ஈக்யூ நடுவில் இருக்க, மீட்டரின் உச்சி மைனஸ் 6 டிபியை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். மென்பொருளே கெயினைச் சரிசெய்யும் ஆட்டோ கெயின் உதவும், ஆனால் அதை நம்பி மீட்டரைப் பார்க்காமல் இருந்துவிட வேண்டாம். ஒலி குறைவாக உள்ள எண்பதுகளின் பாட்டுக்காகக் கையால் ஏற்றிய கெயினை, அந்த டெக்கில் அடுத்த புதிய பாட்டு வருவதற்கு முன் இறக்கிவிடுங்கள். லிமிட்டர் எப்போதாவது ஒரு முறை மின்னினால் பரவாயில்லை. விடாமல் எரிந்தால் நீங்கள் மாஸ்டரைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஒலி போதவில்லை என்றால் அதை ஆம்பிலோ பாக்ஸிலோ, அவற்றின் கிளிப் விளக்கைப் பார்த்தபடி கூட்டுங்கள். அந்த விளக்கும் எரிந்துவிட்டால் அந்தச் செட்டின் திறன் அவ்வளவுதான். வாடகைக்கு எடுத்தவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

தயவுசெய்து உங்கள் காதையும் நினையுங்கள். இரண்டு மணி நேரம் பாக்ஸுக்கு அருகில் நின்ற பிறகு செவித்திறன் தற்காலிகமாக மங்கியிருக்கும்; சத்தம் குறைந்துவிட்டதென்று கை தானாகவே மாஸ்டரை ஏற்றப் போகும். அந்த நேரத்தில் காதை நம்பாமல் மீட்டரைப் பாருங்கள். இசை நிகழ்விடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டிபியைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. மேடைக்கு முன்னால் குழந்தைகள் ஆடிக்கொண்டிருந்தால் அதற்கும் கீழே நிறுத்துங்கள். எரிந்த டயாபிரத்தை நான் மாற்றித் தர முடியும். செத்துப்போன செவியுணர் செல்களை எந்த மருத்துவராலும் மாற்றித் தர முடியாது.

சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். செட்டை டிஜேயிடம் ஒப்படைப்பதற்கு முன், அவர் லேப்டாப்பில் மைனஸ் 6இல் ஒரு பாட்டை ஓட்டச் செய்து, ஆம்ப் குமிழ்களை நீங்களே வைத்து, அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு வாருங்கள்.