தேசிய ஆவணக் காப்பகக் கோப்புகளை வீட்டிலிருந்தே பார்ப்பது எப்படி?

டெல்லி ஜன்பத்தில் இருக்கும் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 34 கோடிக்கும் அதிகமான பக்கங்கள் உள்ளன. அவற்றில் ஸ்கேன் செய்து முடித்தவற்றை ‘அபிலேக் பட்டல்’ என்ற இணையதளத்தில் பார்க்கலாம். தளம் 2015 மார்ச் 11 அன்று தொடங்கப்பட்டது. மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் போதும், தேடுவதற்குக் கட்டணம் இல்லை.

இதன் அருமை சட்டத்தைப் படித்தால்தான் தெரியும். பொது ஆவணங்கள் சட்டம், 1993, பிரிவு 12இன்படி, ரகசிய வகைப்பாடு இல்லாத, 30 ஆண்டு கடந்த, காப்பகத்துக்கு வந்து சேர்ந்த ஆவணங்களை உண்மையான ஆய்வாளருக்குக் ‘கொடுக்கலாம்’. ‘கொடுக்க வேண்டும்’ என்று சட்டம் சொல்லவில்லை. அந்த 30 ஆண்டையும் கோப்பு திறக்கப்பட்ட ஆண்டிலிருந்தே கணக்கிட வேண்டும், மூடப்பட்ட ஆண்டிலிருந்து அல்ல. இணையதளமோ ஆய்வாளரா என்று கேட்பதில்லை. கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் போனார் என்று தேடுகிறவரும் உள்ளே வரலாம்.

பலர் தோற்றுப்போவது தேடலில்தான். தேடல் பெரும்பாலும் கோப்பின் தலைப்பு, துறை, ஆண்டு ஆகிய விவரங்களுக்குள்தான் நடக்கும். உள்ளே எழுதியிருக்கும் ஒவ்வொரு பெயரையும் அது எட்டாது. தலைப்பு அந்தக் காலத்து எழுத்தர் ஆங்கிலத்தில் வைத்தது. ஆகவே தஞ்சாவூர் என்று தேடாதீர்கள், ‘டான்ஜோர்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். திருநெல்வேலி ‘டின்னெவெலி’, திருச்சி ‘ட்ரிச்சினோபொலி’, இலங்கை ‘சிலோன்’. பினாங்கு, சிங்கப்பூர் பற்றியது ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’ என்ற பெயரில் கிடக்கும். தோட்டத் தொழிலாளரைக் கோப்புகள் ‘கூலி’ என்றே குறிக்கின்றன. கசக்கும் சொல்தான், ஆனாலும் அதைத் தட்டச்சு செய்யாமல் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது.

துறையும் காலத்துக்குக் காலம் மாறும். கடல் கடந்த தமிழர் பற்றிய குடிபெயர்வுக் கோப்புகள் 1881 முதல் வருவாய், வேளாண்மைத் துறையிலும், 1905க்குப் பிறகு வணிகம், தொழில் துறையிலும், 1923க்குப் பிறகு கல்வி, சுகாதாரம், நிலங்கள் துறையிலும் இருக்கும். ஒரே துறையில் தேடிவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கிடைத்ததும் துறை, பிரிவு, ஆண்டு, மாதம், கோப்பு எண் ஐந்தையும் குறித்துவையுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் அதே கோப்பை மறுபடி பிடிப்பது சிரமம்.

தலைப்பு வந்து படம் வராவிட்டால், அந்தக் கோப்பு இன்னும் ஸ்கேன் ஆகவில்லை என்று பொருள். ஸ்கேன் செய்யக் கோரிக்கை வைக்கலாம், அல்லது டெல்லி வாசிப்பறைக்குப் போய்க் கேட்கலாம். அங்கே கேட்புச் சீட்டு ‘என்.டி.’ என்று திரும்பி வந்தால், அமைச்சகம் கோப்பை அனுப்பவே இல்லை என்று அர்த்தம். பட்டியலில் எண் இருக்கும், அலமாரியில் கோப்பு இருக்காது. இது அரிதான குறை அல்ல: 151 அமைச்சகங்கள், துறைகளில் 36இன் ஆவணங்களே இங்கு உள்ளன என்று 2022 டிசம்பரில் காப்பகத்தின் தலைமை இயக்குநரே சொன்னார். 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் அன்று வந்து சேர்ந்திருக்கவில்லை.

சென்னை மாகாணத்தின் நிலம், வரி, மாவட்டக் கோப்புகள் வேண்டுமென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைக் கேட்க வேண்டும். 1993ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசு, யூனியன் பிரதேச ஆவணங்களுக்கு மட்டுமே.

அமைச்சகத்திலேயே தங்கிவிட்ட கோப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். 10 ரூபாய் கட்டணத்துடன் அந்த அமைச்சகத்துக்கே விண்ணப்பியுங்கள். பிரிவு 8(3)இன்படி, 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலை மறுக்க நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள்கள் சார்ந்த விலக்குகளே மிஞ்சும். பதிலுக்கு 30 நாள், முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள்.

‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பது விலக்குகளில் ஒன்றல்ல. அப்படிப் பதில் வந்தால், எப்போது, யார் ஆணையில் அழித்தார்கள் என்று அழிப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். விதிமுறை மீறி அழித்தால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று பொது ஆவணங்கள் சட்டத்தின் பிரிவு 9 சொல்கிறது. 1892க்கு முந்தைய ஆவணம் என்றால், பயன்படாத அளவு சிதைந்துவிட்டது என்று தலைமை இயக்குநர் கருதினால் தவிர அதை அழிக்கவே கூடாது.