புது சேம்பர் மாட்டியும் ஆயில் ஒழுகுதா? முதல்ல அந்த பேஸ்ட் டியூப்பைக் கீழ வைங்க

டாக்ஸி ஓட்டுற அண்ணன் ஒருத்தர் போன மாசம் நம்ம ஷெட்டுக்கு வந்தாரு, வண்டிய நிறுத்தின உடனே டிக்கிய திறந்து ஒரு பழைய பெயிண்ட் டப்பாவ எடுத்து இன்ஜினுக்கு அடியில வச்சாரு. ஏன்ணே இதுன்னு கேட்டா, "உங்க தரை அழுக்காயிடும்பா, எங்க போனாலும் இத வச்சுட்டுத்தான் நிறுத்துறேன்"ங்கிறாரு. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல எனக்கு.

கதை என்னன்னா, ராத்திரி டிரிப்ல பெயிண்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர்ல அடி வாங்கி ஆயில் சேம்பர், அதாவது இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்கி நிக்கிற தொட்டி, நசுங்கியிருக்கு. கம்பெனி சேம்பர் விலை கேட்டு தலை சுத்தி, வெளி மார்க்கெட்ல தகர சேம்பர் ஒண்ணு வாங்கி வேற ஒரு இடத்துல மாட்டியிருக்காரு. ரெண்டாவது நாளே சொட்ட ஆரம்பிச்சிருக்கு. திரும்பப் போனா போல்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி அனுப்பியிருக்காங்க, நிக்கல. மறுபடி போனா கழட்டி, ஒழுகாம இடுக்க அடைக்கிற பேஸ்ட்ட அள்ளிப் பூசி மாட்டியிருக்காங்க. மூணாவது தடவ கழட்டக்கூட இல்ல, வெளிய ஓரத்துலயே சுத்தி பேஸ்ட் தடவி விட்டிருக்காங்க, சுவர் வெடிப்புக்கு சிமெண்ட் பூசுற மாதிரி. இது எங்க தொழில்ல நிறைய நடக்குது, ஒத்துக்கணும்.

ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, கீழ சொட்டுதுன்னா சேம்பர்ல இருந்துதான் சொட்டுதுன்னு அர்த்தம் இல்ல. சேம்பர்தான் இன்ஜின்ல எல்லாத்துக்கும் கீழ இருக்கு, மேல டேப்பெட் கவர் பேக்கிங் கசிஞ்சாலும், ஆயில் பிரஷர் சுவிட்ச் கசிஞ்சாலும், கிராங்க் ஆயில் சீல் போயிருந்தாலும் ஆயில் வழிஞ்சு வந்து சேம்பர் ஓரத்துலதான் தொங்கும், அதுலயும் வண்டி ஓடும்போது காத்து அடிச்சு எங்கயோ ஒழுகுறத எங்கயோ கொண்டு போய் காட்டும். அதனால நான் ஸ்பேனர் எடுக்குறதுக்கு முன்னாடி கழுவிடுவேன். டீகிரீசர் அடிச்சு, கழுவி, ஏர் அடிச்சு நல்லா காய விட்டு, அதுக்கு மேல சாதாரண முகப் பவுடர துணியில கட்டி தட்டி விடுவேன். இன்ஜின ஸ்டார்ட் பண்ணி ஃபேன் ரெண்டு தடவ ஓடி நிக்கிற வரைக்கும் விட்டா போதும், வெள்ளைப் பவுடர்ல ஆயில் கோடு போட்டு காட்டிக்கொடுக்கும்.

அண்ணன் வண்டியில கோடு பெல்ட் பக்கத்து மூலையில இருந்து வந்துச்சு. அந்த எடத்துல பிளாக் (இன்ஜினோட முக்கிய உடம்பு), முன்பக்க செயின் கவர், சேம்பர் மூணும் ஒண்ணு சேரும். ரெண்டு பார்ட்டுக்கு நடுவுல முடி அளவு பள்ளமோ மேடோ இருக்கும், அதனால மத்த எடத்த விட அங்க ஒரு பொட்டு கூடுதலா பேஸ்ட் வைக்கணும். மத்த எடத்துல அள்ளிப் பூசினவங்க இங்க மட்டும் வைக்கல.

இன்னொன்னும் கேட்டேன், "டேஷ்போர்டுல ஆயில் லைட் எரியுதாண்ணே?" கொஞ்சம் யோசிச்சுட்டு, "சூடா இருக்கும்போது சிக்னல்ல நின்னா லேசா மினுக்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தா போயிடும்"னாரு. எனக்கு அப்பவே வயித்த கலக்கிடுச்சு.

சேம்பர இறக்கிப் பாத்தா, ஆயில் பம்புக்கு ஆயில் இழுக்குற ஸ்ட்ரெய்னர் வலையில பேஸ்ட் சேமியா மாதிரி துண்டு துண்டா ஒட்டியிருக்கு, பாதி வலை அடைப்பு. பேஸ்ட் பட்டையா வச்சு இறுக்கினா வெளிய பிதுங்குறது நமக்குத் தெரியுது, அதே அளவு உள்ளயும் பிதுங்கும், அது காஞ்சு பிஞ்சு சேம்பர்ல விழுந்து நேரா ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும். வெளிய ஒழுகுற ஆயில டிப்ஸ்டிக் பாத்து ஊத்திக்கலாம். ஆனா ஸ்ட்ரெய்னர் அடைச்சா சேம்பர் நிறைய ஆயில் இருந்தும் பேரிங்குக்கு போகாது, அப்புறம் இன்ஜின் ஜாம்தான். அந்த சிவப்பு லைட் காட்டுறது ஆயில் அளவ இல்ல, பிரஷர. அது ஓட்டும்போது எரிஞ்சா ஓரங்கட்டி உடனே ஆஃப் பண்ணணும், பக்கத்துல ஷெட் வரைக்கும் ஓட்டிடலாம்னு நினைக்கவே கூடாது.

சேம்பர நல்லா தொடச்சு ஒரு தடிமனான கண்ணாடி மேல கவுத்து வச்சேன், இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ்ல 0.30 எம்எம் பிளேடு மூணு எடத்துல சர்ருனு உள்ள போகுது. போல்ட் ஓட்டை ஒவ்வொண்ணும் குழிஞ்சு போச்சு, ஏன்னா தகரத்த ஓவரா இறுக்கினா ஓட்டைய சுத்தி மட்டும் மேல எழும்பும், ரெண்டு போல்டுக்கு நடுவுல இடைவெளி விட்டுடும். அதாவது இறுக்க இறுக்கத்தான் ஒழுகல் ஜாஸ்தியாகும். பொதுவா இந்த எடத்துல இருக்கிறது 10 நம்பர் ஸ்பேனர் போடுற சின்ன போல்டு, பெரும்பாலான வண்டிக்கு 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் டார்க், அதாவது இறுக்குற முறுக்கு அளவு, கேக்கும், சரியான நம்பர் அந்தந்த வண்டி மேனுவல்ல இருக்கும். கைப்பிடி நீளமான ராட்செட்ட வச்சு முக்கி இறுக்குற வேலையே இல்ல.

வெளி மார்க்கெட் பார்ட் எல்லாமே குப்பைன்னு நான் சொல்ல மாட்டேன், நானே தினம் மாட்டுறேன், சென்னை புதுப்பேட்டைல செகண்ட்ஸ் பார்ட் தேடி அலையறவன்தான் நானும். ஆனா மாட்டுறதுக்கு முன்னாடி பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு பாக்கணும், ஓட்டை பொருந்துதா, டிரெய்ன் பிளக் மரை சரியா, முக்கியமா ஆழம் ஒரே அளவா. ஆழம் கம்மியா இருந்தா ஸ்ட்ரெய்னர் அடியில இடிச்சு ஆயில் இழுக்காது.

ஓட்டைங்கள மேல எழும்பின பக்கம் இருந்து சுத்தியல்ல பதமா தட்டி சமம் பண்ணேன், மறுபடி கண்ணாடியில வச்சு பாத்தேன், அரை மணி நேரம் போச்சு. பிளாக் பக்கம் பழைய பேஸ்ட பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்லதான் எடுத்தேன், மிஷின்ல எமரி டிஸ்க் போட்டு தேச்சா சீக்கிரம் முடியும், ஆனா அந்தத் துகள் உள்ள போனா பேரிங்க தின்னுடும். ஸ்ட்ரெய்னர கழட்டி வலைய முழுசா சுத்தம் பண்ணேன். அப்புறம் அன்னிக்கு வேலைய நிறுத்திட்டேன். அண்ணனுக்கு கோவம், "ஒரு நாள் வாடகை போகுதேப்பா!" என்ன பண்றது, சேம்பர் கழட்டின இன்ஜின்ல இருந்து ஆயில் மணிக்கணக்கா சொட்டிட்டே இருக்கும், அந்த ஈரத்து மேல எந்த பேஸ்ட் வச்சாலும் பிடிக்காது. ராத்திரி பூரா வடிய விட்டு, காலைல பிரேக் கிளீனர் அடிச்சு தொடச்சு, 3 எம்எம் தடிமன்ல ஒரே கோடா, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா பேஸ்ட் இழுத்தேன், அந்த மூலையில ஒரு பொட்டு சேத்து. தோல் கட்டுறதுக்குள்ள மாட்டி, நடுவுல இருந்து ஓரத்துக்கு மாத்தி மாத்தி டார்க் வச்சு இறுக்கி, டிரெய்ன் பிளக்குக்கு புது வாஷர், புது ஃபில்டர்.

ஃபில்டர் பத்தி சொன்னதும் ஞாபகம் வருது, வேலை கத்துக்கிட்ட காலத்துல பழைய ஃபில்டரோட ரப்பர் இன்ஜின்லயே ஒட்டியிருந்தது தெரியாம அது மேல புதுச மாட்டிட்டேன், ஸ்டார்ட் பண்ண பத்து செகண்டுல ஷெட் தரை பூரா ஆயில். எங்க வாத்தியார் திட்டல, துடைப்பத்த மட்டும் கையில கொடுத்தாரு.

பேஸ்ட் காய ஒரு நாள் முழுசா விட்டுட்டுதான் ஆயில் ஊத்தினேன். இன்ஜினுக்குள்ள சேர்ற கேஸ வெளிய விடுற பிரீதர் ஓஸையும் கழட்டி ஊதிப் பாத்தேன், அது அடைச்சிருந்தா உள்ள கேஸ் பிரஷர் ஏறி எவ்வளவு நல்ல பேக்கிங்கையும் தள்ளிட்டு ஆயில் வெளிய வந்துடும். இதுல அடைப்பு இல்ல. ஸ்டார்ட் பண்ணி நல்லா சூடாகுற வரைக்கும் ஸ்லோல விட்டேன், லைட் மினுக்கல.

பெயிண்ட் டப்பாவ வாங்கி வச்சுக்கிட்டு அண்ணனுக்கு ஒரு அட்டைப் பெட்டிய கிழிச்சுக் கொடுத்தேன், ஒரு வாரம் ராத்திரி நிறுத்தும்போது அடியில விரிச்சு காலைல போட்டோ அனுப்புங்கன்னு. நாலு நாள் சுத்தமா இருந்துச்சு. அஞ்சாவது நாள் காலைல நடுவுல வட்டமா பிரவுன் கறை, எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, உடனே போன் அடிச்சா, "அது ஒண்ணும் இல்லப்பா, குனிஞ்சு பாக்கும்போது டீ கிளாஸ அது மேல வச்சுட்டேன்"ங்கிறாரு.