அஸ்தியை வெளிநாடு கொண்டுபோக என்னென்ன தாள் வேண்டும்?

அம்மா கோத்தகிரியில் இறந்தார், மகன் இருப்பது டொராண்டோவில். அஸ்தியில் ஒரு பங்கை அங்கே கொண்டுபோக ஆசைப்படுகிறார். உடலை அனுப்புவதென்றால் கேட்கிற பதப்படுத்திய சான்று, பெட்டிச் சான்று எதுவும் அஸ்திக்கு வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழும் தகனம் செய்ததற்கான சான்றும்தான் முக்கியம்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் கொடுப்பார்கள். வீட்டில் என்றால் குடும்பத்தார்தான் போகணும்: கிராம ஊராட்சியில் வி.ஏ.ஓ.விடம், நகராட்சி, பேரூராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்தில். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று இருந்தால் மிஞ்சுவது ஐந்தே நாள். ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்தைச் சரிபாருங்கள். ஓர் எழுத்துக்காகப் பின்னால் மலையேறி இறங்க வேண்டாம்.

நம் ஊரில் சிக்குவது தகனச் சான்றில்தான். எரிவாயு மேடையில் ரசீது கிடைக்கும், பத்திரப்படுத்துங்கள். கிராமத்துச் சுடுகாட்டில் விறகில் எரித்தால் தாளே கிடையாது. தேதி, இடம், இறந்தவர் பெயர் எழுதி உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுத்து, முத்திரையோடு கடிதம் வாங்கிவிடுங்கள்.

சில இடங்களில் அப்போஸ்டில் கேட்கலாம், அதாவது நம் சான்று உண்மையானது என்று வெளிநாடு ஏற்பதற்கு அரசு வைக்கிற முத்திரை. இந்த முத்திரையை ஏற்கிற நாடுகளின் ஒப்பந்தத்தில் இந்தியா 2005 முதல் இருக்கிறது, கனடாவில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மாநில அரசு சரிபார்த்த பிறகே வெளியுறவுத் துறை முத்திரை வைக்கும். மலையில் முடிகிற வேலை இல்லை. ஆகவே விமான நிறுவனத்தையும் போகிற நாட்டுத் தூதரகத்தையும் முதலில் கேளுங்கள். அவர்கள் கேட்காவிட்டால் அலைய வேண்டாம்.

அடுத்தது பாத்திரம். பால் தெளித்து எடுத்த அஸ்தி ஈரமாகவே இருக்கும். ஆடி மூடுபனியில் முற்றத்தில் வைத்தால் காயாது. தாம்பாளத்தில் பரப்பி அடுப்பங்கரையில் இரண்டு மூன்று நாள் வைத்துக் கிளறிவிடணும். செம்புச் சொம்பும் எவர்சில்வர் தூக்கும் வேண்டாம், எக்ஸ்ரேயில் உள்ளிருப்பது தெரியாது. அமெரிக்க விமான நிலையங்களில் குடும்பத்தாரே கேட்டாலும் திறந்து பார்க்கமாட்டார்கள். எக்ஸ்ரே ஊடுருவாவிட்டால் உள்ளே விடவும் மாட்டார்கள். இறுக்கமான மூடி போட்ட மரப்பெட்டியோ பிளாஸ்டிக் டப்பாவோ போதும், மேலே சிவப்புத் துணி கட்டிக்கொள்ளலாம்.

கைப்பையிலேயே வையுங்கள். அசல் தாள்கள் மேல் ஜிப்பில், நகல் ஒன்று பெட்டியோடு.