ஓர் அடித் தண்ணீர் காரை எப்படித் தூக்குகிறது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் சாலையில் தண்ணீர் ஏறுவது புதிதல்ல. டெல்டாவின் தரை அவ்வளவு சமம். வயலில் நிற்கும் நீர் வடியவே நாளாகும். கடலோரத்தில் ஓதம் (கடலின் நீர்மட்டம்) ஏறினால் வடிகால் நீரும் கடலுக்குள் போகாமல் எதிர்த்து நிற்கும். "முழங்காலுக்குக் கீழேதானே" என்று காரை இறக்குகிறோம். காரைத் தூக்க அந்த ஆழமே போதும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. சின்ன கார் ஒன்றின் அடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். தண்ணீர் அடித்தட்டைத் தொட்ட பிறகு, ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஏறும்போதும் ஏறக்குறைய 600 கிலோ எடையை அது தாங்கிக்கொள்கிறது. காரின் எடையோ 900 கிலோதான். அடித்தட்டு தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் உயரம். அதற்கு மேல் இன்னொரு 15 சென்டிமீட்டர் வந்தால் கார் மிதக்க வேண்டியதுதான். காரின் அடியில் சக்கரங்கள் அமரும் குழிகளின் இடத்தைக் கழித்தால் இன்னும் சற்று ஆழம் தேவைப்படும், சரி. ஆனால் முழுக்க மிதக்கும் வரை ஆபத்து காத்திருக்காது. எடை பாதி குறைந்தாலே டயரின் பிடியும் பாதியாகிவிடும். அப்போது குறுக்கே ஓடும் நீர் காரை ஓரமாகத் தள்ளும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு.

நம் ஊரில் ஓரம் என்பது பெரும்பாலும் வாய்க்கால். ஆற்றங்கரைச் சாலைகளில் விளிம்பு வண்டல் மண். ஊறினால் பொதபொதவென்று உள்வாங்கும். ஆகவே நிற்கும் நீரா, ஓடும் நீரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மிதக்கும் வைக்கோலோ ஆகாயத்தாமரையோ சாலைக்குக் குறுக்கே நகர்ந்தால் திரும்பிவிடுங்கள். தரைப்பாலம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

நிற்கும் நீரில் எதிரி வேறு. என்ஜின் காற்றை இழுக்கும் குழாய் பல கார்களில் முன்பக்கம் பானட்டுக்குள் இருக்கிறது. வேகமாகப் போனால் எழும் அலை அதற்குள் புகும். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும். தண்ணீரை அழுத்த முடியாது. மோதிய வேகத்தில் பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராட் வளையும். நடுவில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் பெரிய தவறு. உள்ளே நீர் இருந்தால் அந்த ஒரு முயற்சியே என்ஜினை முடித்துவிடும். ஸ்டார்ட் செய்வதை விட்டுவிட்டு இறங்கித் தள்ளுங்கள்.

டிராக்டர் போகிறதே என்று பின்னால் போகாதீர்கள். அதன் எடையும் சக்கர உயரமும் வேறு; அதன் புகைக்குழாயே பானட்டுக்கு மேலே நிற்கிறது. ஆழம் குறைவு என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் முதல் கியரில், சாலையின் நடுவில், ஒரே சீராகப் போகலாம். எதிரே பஸ் வந்தால், தண்ணீரில் இறங்காமல் அது கடக்கும் வரை நில்லுங்கள். கரையேறியதும் பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்து உலர்த்திவிட்டு அப்புறம் வேகமெடுங்கள்.

கார் வாய்க்காலில் சரிந்தால், வெளியிலுள்ள நீர் கதவை அழுத்திப் பிடிக்கும். கதவோடு போராடாமல் சீட் பெல்ட்டைக் கழற்றி, கார் மிதக்கும்போதே ஜன்னலை இறக்கி வெளியேறுங்கள். இறங்கவில்லையென்றால் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் குத்தி உடையுங்கள்; முன்கண்ணாடி எளிதில் உடைந்து வழிவிடாது.